உலர்த்தும் அறையின் தாழ்ப்பாள்

தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம்தான், ஐயா. ஆனால் எடை பார்க்கப் போகிற குத்துச்சண்டைக்காரனுக்கு எங்கள் கல்லூரியில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அம்ப்ரோஸ் தேய்ன் கல்லூரிக்காக இலகு எடைப் பிரிவில் இறங்குகிறவன். நான் சண்டை மேடையில் அவனுடைய மூலையில் நிற்கிறவன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவன் முகத்தைத் துடைத்து, கொப்பளித்துத் துப்ப வாளியை நீட்டுவது என் வேலை. மூன்று வருடம் நீட்டினேன். என் அப்பா கண்ணாடிப் பட்டறையில் உலைக்குக் கரி தள்ளுகிறவர். கல்லூரிக்கு வரும்வரை நானும் தள்ளினேன். அதனால் எனக்கு இங்கே அடுப்பு என்று பெயர். உபகாரச் சம்பளத்தில் படிக்கிறவன் பெயருக்கெல்லாம் கோபித்துக்கொள்ள முடியாது.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு அடியில் துண்டு உலர்த்தும் அறை இருக்கிறது. அதன் அடுப்புக்கு வெளியிலிருந்துதான் கரி போட வேண்டும். தாழ்ப்பாளும் வெளியேதான். எடை கூடினவனை, வேர்த்துக் குறையட்டும் என்று, கம்பளி சுற்றி உள்ளே விட்டுத் தாழிடுவது எங்கள் வழக்கம். உள்ளே போகிற எல்லோரும் கெஞ்சுவார்கள். வெளியே நிற்கிறவன் திறக்கக் கூடாது. எடை சரியாக வந்துவிட்டால் கெஞ்சினவனே கட்டிப்பிடித்து பீர் வாங்கிக் கொடுப்பான்.

போன வருடம் அம்ப்ரோஸ் கெஞ்சினான், நான் திறந்துவிட்டேன். எடை தவறியது. அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பார்க்கத் தண்ணீர்க் கூஜாவை என் தலையில் கவிழ்த்தான்.

"அடுப்பு அணைஞ்சு போச்சுடா," என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த வருடம் அவன் எடை தவறினால் அவனுக்குப் பதில் நான் இறங்க வேண்டும் என்று அணித்தலைவன் சொல்லியிருந்தான். அன்று மதியம் எல்லோரும் படகுப் பந்தயம் பார்க்க ஆற்றுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் முன்னால்தான் அம்ப்ரோஸ் சொன்னான்:

"டேய் அடுப்பு, நான் என்ன கத்தினாலும் தொறக்காத. எங்கம்மா செத்துட்டாங்கன்னு அழுதாலும் தொறக்காத."

"தொறக்க மாட்டேன்," என்றேன்.

"பாக்கலாம். போன தடவை மாதிரி இளகுன, வாளியோட உன்னையும் ஆத்துல போட்டுருவேன்."

தாழிட்டதும் முதலில் பாடினான். பிறகு வைதான். பிறகு தட்ட ஆரம்பித்தான்.

"போதும்டா. நீயே எறங்கு. கேப்டன்கிட்ட நானே சொல்லிடறேன். சத்தியமா நீயே எறங்குடா. தொற."

தாழ்ப்பாளை இழுத்திருந்தால் எனக்கு வேண்டியது கிடைத்திருக்கும் என்கிறீர்கள். கிடைத்திருக்கும், அவன் போட்ட பிச்சையாக. சாப்பாட்டுக் கூடத்தில் அதை எப்படிச் சொல்வான் என்று எனக்குத் தெரியும். திறக்காவிட்டால் அவன் எடைக்கு வந்துவிடுவான், நான் மறுபடி வாளியோடு நிற்பேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம்.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தேன். முகம் செக்கச்செவேலென்று, சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. உதட்டைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, "ஜோசையா," என்றான். என் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படிக்கிற பையன், வெக்கை என்ன செய்யும் என்று தெரிந்திருக்காது என்று வாக்குமூலத்தில் எழுதப் பார்க்கிறீர்கள். இரக்கத்தில் சொல்கிறீர்கள்; ஆனால் அப்படி எழுத வேண்டாம். உலையடியில் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். வேர்த்து வழிகிறவனை விட்டுவிடு, வேர்வை நின்றவனை உடனே வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்று. என் சொந்த மாமாவை நான் அப்படி இழுத்துப் போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

அம்ப்ரோஸுக்கு வேர்வை நின்றிருந்தது. நான் குனிந்து இன்னும் ஓர் அள்ளு கரி போட்டேன்.

தட்டுவது நின்ற பிறகும் காத்திருந்தேன். சத்தம் போடாமல் இருப்பதும் ஒரு தந்திரமாக இருக்கலாம் அல்லவா. ஆற்றங்கரைக் கூச்சல் அடங்கியதும் திறந்தேன். கம்பளியை அவிழ்த்து, தூக்கிக்கொண்டு போய் முதலில் தராசில்தான் கிடத்தினேன்.

எடைக்குள் இருந்தான். நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன், ஐயா. அவனையே கேட்க முடிந்தாலும் அதைத்தான் சொல்வான்.