பாதியில் விடக்கூடாத வேலை

நேற்று உங்களோடு வந்த கான்ஸ்டபிள் என் காரின் மீது சாய்ந்துகொண்டு நின்றார். இடுப்பில் பெரிய இரும்புக் கொக்கி வைத்த பெல்ட். சாவு விழுந்த வீட்டில் காரைப் பற்றிப் பேசினால் மனிதர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு குனிந்து பார்த்தேன். கீறல் விழவில்லை. அது அவருடைய நல்ல காலம்.

இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம், கிளம்பும்போது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. என் தோளைத் தட்டி, "சின்னக் கவனக்குறைவு சார். யாருக்கும் நடக்கறதுதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றீர்கள். அழுது வீங்கிய முகத்தோடு என் மனைவியும் தலையாட்டினாள். அந்த வார்த்தையோடுதான் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்பார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் கவனக்குறைவானவன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பிழை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைத் தாண்டிப் போக எனக்கு வராது. நீங்கள் சொன்னது பிழை. திருத்திவிட்டுப் போகிறேன்.

கார் கறுப்பு. கறுப்பு வாங்காதே, தூசி தாங்காது என்று எல்லாரும் சொன்னார்கள். வாங்கினேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மென்மையான துணி ஒன்றால் முழுக்கத் துடைப்பேன். தண்ணீர் ஊற்றினால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும், அதனால் காய்ந்த துணிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சக்கரத்துக்கும் தரைக்கும் தண்ணீர். கூரைக்கு முக்காலி போட்டு ஏறுவேன். என் மனைவி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இப்படி உத்துப் பாத்ததில்ல" என்பாள். அவளுக்கு அது வேடிக்கை.

அவளுடைய தம்பி பஸ் கண்டக்டராக இருந்தவன். ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து விழுந்து வலது கால் நசுங்கிப்போனது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா அழைத்து வந்தாள். கொஞ்ச நாள் முடியவே இல்லை. படி ஏற முடியாது என்பதால் வாசல் கதவிலிருந்து கேட் வரைக்கும் ஒரு சரிவு கட்டினோம். அதற்கு வழவழப்பான ஓடு பதிக்கச் சொன்னவன் நான்தான். காருக்குப் பக்கத்தில் சொரசொரப்பாக ஏதாவது இருந்தால் என் கண் உறுத்தும். சுவருக்கும் காருக்கும் நடுவில் அந்தச் சரிவு, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம்தான். அதில்தான் அவன் அலுமினிய ஊன்றுகோலை ஊன்றி ஊன்றித் தினமும் இறங்குவான். தன் பழைய சகாக்களோடு பேசப் பஸ் நிலையத்துக்குப் போவான்.

வாய் ஓயாதவன். காருக்கு மகாராணி என்று பெயர் வைத்தவன் அவன். "அத்தான், மகாராணி இன்னிக்கு தலை வாரிட்டாங்களா?" என்பான். இறங்குவதற்கு முன்னால் சரிவின் உச்சியில் நின்றுகொண்டு, "ரைட்டா அத்தான்?" என்று கேட்பான். தரை ஈரமாக இருக்கிறதா என்று கேட்கும் விதம் அது. ஒருமுறை ஈரத்தில் சறுக்கியதிலிருந்து கேட்காமல் இறங்கியதே இல்லை. அவனுடைய விளையாட்டில் நான் சேர்ந்துகொள்வதில்லை. காய்ந்திருந்தால் "ம்" என்பேன். ஈரமாக இருந்தால் "இரு" என்பேன். அவன் என் வார்த்தையை அப்படியே நம்புவான். நான் சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டான்.

ஒரு சாயங்காலம் வெயில் சாய்வாக முன் மட்கார்டில் விழுந்தபோது பார்த்தேன். மெல்லிய கீறல்கள். ஒன்று இரண்டு இல்லை, வலை பின்னியது போல. அவன் ஒருக்களித்துப் போகிற அதே பக்கம். அவனைக் கூப்பிட்டேன்.

"இது என்ன?"

"எது அத்தான்?"

"குனிஞ்சு பாரு. வெளிச்சத்துல."

பார்த்தான். "சிலந்தி வலை மாதிரி ஏதோ இருக்கு. நான் ஒரசல அத்தான். ஒரசினா எனக்குத் தெரியாதா? கால்தான் ஒண்ணரை, கண்ணு ரெண்டும் முழுசா இருக்கு."

"அப்ப யாரு? மகாராணியே சொறிஞ்சுக்கிட்டாளா?"

அதை அவன் நகைச்சுவை என்று நினைத்துவிட்டான். "நீங்க தெனமும் வரட்டுத் துணியில தேய்க்கிறீங்களே, அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி இழுத்திருக்கும். பஸ் டெப்போல இப்படித் தொடைச்சா தொவைச்சுப் போட்ருவாங்க" என்று சிரித்தான். அடுப்படியிலிருந்து அவளும் சிரித்தாள்.

தப்பு செய்தவன், பிழையைத் தூக்கிப் பிழை பார்த்தவனின் தலையில் வைக்கிறான். அதைக் கேட்டு என் மனைவி சிரிக்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அநேகமாக எதுவும் பேசவில்லை. ஒரு பழைய துண்டை எடுத்து ஊன்றுகோலின் கீழ்ப்பகுதியில், ரப்பர் அடியையும் சேர்த்து, நானே சுற்றி நானே முடிச்சுப் போட்டேன். அவன் மறுக்கவில்லை. "அட, குச்சிக்கு சாக்ஸா? ராஜ வாழ்க்கைதான்" என்றான். நேற்று அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரோ தெரியாத்தனமாகச் சுற்றியிருக்கிறார்கள் என்றீர்கள். தெரியாத்தனம் இல்லை.

துணி சுற்றிய பிறகும் கீறல்கள் கூடின. நான் காலையில் மட்டும் துடைத்ததை மாலையிலும் துடைக்கத் தொடங்கியிருந்தேன், அப்படியும் கூடின. அப்போதுதான் அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவுக்கு வந்தேன். கோபமாக இருந்தேனா என்று கேட்பீர்கள். கத்தினால்தான் கோபம் என்று நினைக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது. சாப்பிடும்போது அவன் டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டால் என் பல் கிட்டிக்கொள்ளும். ராத்திரி பக்கத்து அறையில் அவன் இருமினால் போர்வைக்குள் என் கை தானாக மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

பாலிஷ் மெஷினைச் சனிக்கிழமை வாங்கினேன். அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. கடைக்காரர் நல்ல மனிதர், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "பஞ்சு வட்டு பெயிண்ட்ல உக்காந்த பிறகுதான் சுவிட்ச். ஓரத்துல அழுத்தாதீங்க, பெயிண்ட் போயிடும். சின்னச் சின்ன இடமா எடுத்துக்கங்க. காம்பவுண்டு, அதான் இந்த பாலிஷ் பசை, போட்டுட்டா அந்த இடத்தை முடிக்காம நகராதீங்க. காஞ்சு போச்சுன்னா கல்லு மாதிரி பிடிச்சுக்கும், அப்புறம் உங்கப்பனே வந்தாலும் எடுக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மனைவி தோழி வீட்டுக்குப் போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் முதலில் சரிவுக்குப் போனேன். டயருக்குப் பளபளப்பு கொடுக்க ஓர் எண்ணெய் வைத்திருக்கிறேன். அதை ஸ்பாஞ்சில் நனைத்து, நடுவிலிருந்து கீழ்வரைக்கும் மெல்லிய பூச்சாகத் தடவினேன். பாட்டில் கவிழ்ந்து சிந்தியதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். சிந்தியிருந்தால் குளமாக நிற்கும், பார்த்தவுடன் தெரியும். இது தெரியவில்லை. அவ்வளவு சீராகத் தடவியிருந்தேன். அப்போது நான் நினைத்தது இதுதான்: விழுவான், இடுப்பில் அடிபடும், சில வாரம் படுக்கையில் கிடப்பான், என் கார் பக்கம் வரமாட்டான். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினேன். முதல் தடவை பிடிப்பவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வட்டு பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டேன். சட்டை, சுவர், கண்ணாடி எல்லாம் வெள்ளைப் புள்ளி. மெஷின் கையிலிருந்து திமிறிக்கொண்டு ஓடப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் துள்ளியது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் எடையை அதன் மீதே விட்டேன். அதன் பிறகு அடங்கியது. மெதுவாக ஒருமுறை பரப்பி, வேகத்தைக் கூட்டி, மேலும் கீழும், பிறகு குறுக்கே. வெள்ளைப் பால் போல் இருந்தது மெல்ல மெல்லக் கண்ணாடி போல ஆயிற்று. துடைத்தேன். மட்கார்டில் என் முகம் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. அவன் என் மீது கீறியதையெல்லாம் அழித்துவிட்டது போல இருந்தது.

பானெட் முடிந்தது. கதவுகள் முடிந்தன. கடைசியில் முக்காலி போட்டுக் கூரைக்கு ஏறினேன். நிழலுக்குள் நிற்கும் கார் என்பதால் கூரையில் வெயில் விழுந்ததில்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

மட்கார்டில் இருந்த அதே கீறல்கள். அதே வலை. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள்.

ஊன்றுகோல் கூரைக்கு எட்டாது. அவனுக்கு முக்காலியில் ஏற முடியாது. என் கையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், துணியைப் பிடிப்பது போல வைத்து, தினமும் துடைப்பது போல ஒரு சுற்று சுற்றினேன். என் கை எப்படிப் போயிற்றோ அப்படியே கீறலும் போயிருந்தது. வீச்சு, வளைவு, திரும்புகிற இடம் எல்லாம் என்னுடையது. வலது கைக்காரனின் வட்டம்.

காலடியில் சோப்புத் தண்ணீர் வாளி இருந்தது. சரிவு நாலு எட்டுதான். ஒரு வாளியை ஊற்றித் தேய்த்திருந்தால் போயிருக்கும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு அது தோன்றியது. நன்றாகவே தோன்றியது.

ஆனால் அவன் கீறவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. அதுவரைக்கும் இருந்ததெல்லாம் எரிச்சல். அவன் சொன்னது சரி. அடுப்படியில் நின்று அவள் சிரித்ததும் சரி. இனி அவன் சாகும்வரைக்கும் அந்தச் சரிவின் உச்சியில் நின்று, "அத்தான், உப்புத்தாள் ஞாபகம் இருக்கா?" என்று கேட்பான். நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என் வீட்டில், என் காருக்குப் பக்கத்தில். ஒரு தப்பைச் செய்யாமல் இருந்ததற்காக ஒருவனை மன்னிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

கூரையில் காம்பவுண்டை வைத்தேன். மெஷினை இறக்கிச் சுவிட்சைப் போட்டேன்.

கதவு திறந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு வந்து உச்சியில் நின்றான். காரைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அடேயப்பா. மகாராணிக்கு மறு கல்யாணம் போலருக்கே." மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேசினான். பிறகு வழக்கம்போல ஊன்றுகோலைச் சரிவின் மீது வைக்காமல், என் முகத்தைப் பார்த்தான்.

"ரைட்டா அத்தான்?"

வழக்கமாக "ம்" என்றுதான் சொல்வேன். அன்று மெஷினை நிறுத்தாமலே, "போலாம், ரைட்" என்றேன்.

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு முகம் அப்படியே விரிந்தது. இத்தனை காலம் கழித்து அத்தான் என்னோடு விளையாடுகிறார் என்கிற சந்தோஷம். ரைட், ரைட் என்று அவனும் பதிலுக்குச் சொல்லிக்கொண்டே, ஊன்றுகோலைத் தூக்கி வைத்தான்.

அவன் கத்தவில்லை. ஊன்றுகோல் உருண்டு போன சத்தம் கேட்டது. அதற்கு முன்னால், கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் ஏதோ மோதிய சத்தம். திரும்பிப் பார்த்தேன். கை அசைந்துகொண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. "அத்தான்" என்று உதடு அசைந்த மாதிரி தெரிந்தது. மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கூரையில் காம்பவுண்டு ஈரமாக இருந்தது. பாதியில் விட்டால் காய்ந்துவிடும். மேலும் கீழும், பிறகு குறுக்கே. கூரை பெரியது, அவசரப்பட்டால் ஓரத்தில் பெயிண்ட் போய்விடும். பொறுமையாக முடித்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். என் வட்டங்கள் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு மெஷினின் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். கை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம். வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

இதில் எங்கே இருக்கிறது கவனக்குறைவு? நீங்களே சொல்லுங்கள்.

இனி காரை உங்கள் ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். தூசி படியும். உங்கள் கான்ஸ்டபிளிடம் சொல்லி வையுங்கள், காய்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டாம். தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவிய பிறகுதான் துணி படவேண்டும். சாதாரண விஷயம்தான். இதை எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.