விசில் ஊதிய கைதி

மேடையில் அமர்ந்திருக்கும் கமாண்டன்ட் அவர்களே, பயிற்றுநர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் கேடட்டுகளே, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் அக்கா, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் இந்தப் பள்ளியில் போர்ச் சட்டம் நடத்துகிறவள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. வகுப்பில் நான் பேசும்போது நீங்கள் தூங்குவீர்கள். அது எனக்குப் பழகிவிட்டது. இத்தனை பேர் விழித்திருப்பதுதான் பயமாக இருக்கிறது.

நம் ஸ்டோர் சார்ஜன்ட் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டார். செய்தித்தாளை மடித்து வைத்தார். படுத்தார். எழவில்லை. அறுபத்தெட்டு வயது.

"முகத்துல ஒரு சுருக்கம் இல்லம்மா. வேலையை முடிச்சுட்டு அசந்து தூங்குற மாதிரி இருந்தார்" என்று அவர் மனைவி, நம் அக்கா, சொன்னார்.

அழுவதற்காகவா கூடியிருக்கிறோம்? எனக்கு அழுகை வரவில்லை. அவரை நினைத்தால் மனம் நிறைந்துதான் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த மனிதர்? பயிற்றுநர் அல்ல. வகுப்பு எடுத்தவர் அல்ல. போர்வை, கயிறு, தண்ணீர்க் கேன். இவற்றுக்குப் பொறுப்பாளர். ஆனால் பத்தொன்பது வருடங்களாக இந்தப் பள்ளியில் படித்து வெளியேறிய ஒவ்வொரு அதிகாரியும் இவரைக் கைது செய்திருக்கிறார்! இப்படி ஒரு பெருமை வேறு எந்த ஸ்டோர்கீப்பருக்கு உண்டு?

மேடு பிடிக்கும் பயிற்சி உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் மேலே ஏறுவார்கள், கொடி நடுவார்கள், விசில் ஊதும், டீ வண்டி வரும். அவ்வளவுதான். ஒருநாள் சார்ஜன்ட் அப்போதிருந்த கமாண்டன்ட்டின் அறைக்குப் போயிருக்கிறார்.

"மேட்டைப் பிடிச்சாச்சு சார். உள்ள இருந்தவன் என்ன ஆனான்?"

"உள்ள யாருய்யா இருக்கா? இது வெறும் பயிற்சி."

"அப்போ நான் இருக்கேன் சார்."

அன்று போய் உட்கார்ந்தவர்தான். மூன்றாம் நம்பர் பள்ளத்தில், மண்ணில். அதோடு விட்டாரா? முடிவு விசிலை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கைதி ஊதினால்தான் பயிற்சி முடியும். அவரைச் சோதிக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், காயம் இருந்தால் கட்ட வேண்டும், பட்டியலில் எழுத வேண்டும், பின்னால் கைதிகளைப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகு கைக்கட்டை அவிழ்ப்பார்கள். அவர் ஊதுவார். அதுவரை யாருக்கும் சாப்பாடு கிடையாது.

எத்தனை சாபம் வாங்கியிருப்பார்! கேடட்டுகளே, சிரிக்காதீர்கள். நீங்கள் கொடுத்த சாபங்களும் அதில் உண்டு.

ஒரு பேட்ச் அவரை மறந்தே போனது. கையைப் பின்னால் கட்டிப் பள்ளத்தில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் ஒருவன் கேட்டிருக்கிறான்: "டேய், விசில் கேட்டுச்சா?" நாற்பது பேர் எழுந்து ஓடினார்கள். சார்ஜன்ட் அதே இடத்தில் இருந்தார். வெயில் தலைக்கு மேல்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா தம்பிங்களா?"

"சார், நீங்களே எழுந்து வந்திருக்கலாமே சார்?"

"கைதி எழுந்து ஓடினா என்ன பண்ணுவீங்க? சுடுவீங்க. எனக்கு எதுக்குப்பா அந்த வம்பு?"

அன்றைக்கு அக்கா அவரை வாங்கிய வாங்கு இந்தப் பள்ளிக்கே தெரியும். "வீட்ல ஒரு பல்பு மாட்டச் சொன்னா முட்டி வலி. அங்க போய் மூணு மணி நேரம் மண்ணுல உட்கார்ந்தா வலிக்காதோ?"

இன்னொரு பேட்ச் மகா கெட்டிக்காரர்கள். முந்தின நாளே படிவத்தை நிரப்பிவிட்டார்கள். 'தண்ணீர் கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அழகாக டிக். ஓடினார்கள், பிடித்தார்கள், படிவத்தை நீட்டினார்கள். சார்ஜன்ட் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "தாள்ல நான் குடிச்சுட்டேன். வாய்க்கு இன்னும் வந்து சேரலை." ஊத மறுத்துவிட்டார். அன்று மதியச் சாப்பாடு மாலை நாலு மணிக்கு.

இங்கே வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வந்தவள் நான். உடன்படிக்கைகள் மனப்பாடம். ஸ்டோருக்குப் போய்க் கேட்டேன், கொஞ்சம் திமிராகவே: "இதையெல்லாம்தான் நான் வகுப்புல சொல்றேனே. நீங்க எதுக்கு நாடகம் போடுறீங்க?"

அவர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையை என்னிடம் நீட்டினார். "பிடிங்க டீச்சர்." பிடித்தேன். மடித்துக்கொண்டே சொன்னார். போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. ஒரு மாவு மில். காலையிலிருந்து சண்டை. மதியம் உள்ளே இருந்து ஒன்பது பேர் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் மாவு. ஒருவனுக்குத் தோளில் காயம். தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அவனுக்குக் கட்டினார் சார்ஜன்ட். ஒரு வண்டி வந்தது. ஏற்றி அனுப்பினார். யார் ஓட்டினார்கள், எங்கே கொண்டுபோனார்கள், கேட்கவில்லை. பட்டியல் எழுதவில்லை. அதிகாரி கைகுலுக்கினார்.

மறுநாள் படை நகர்ந்தது. வழியில் ஒரு செங்கல் சூளை. சூளைக்குப் பின்னால் ஒன்பது உடல்கள். முகங்களை அவர் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்தார்.

மில்லைப் பிடித்ததற்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

"நான் சுடலை டீச்சர். அப்படித்தான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டேன். வண்டியில ஏத்தினதோட என் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்."

போர்வையை அடுக்கில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

அவையோரே, அந்தக் காலத்தில் வீரம் என்றால் எது? முன்னால் பார்ப்பது. பின்னால் நடப்பது நம்முடையதல்ல. பார்த்தாலும் சொல்லக்கூடாது. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காதவனே மானமுள்ளவன். இதை அவருடைய படை நம்பியது. அவரும் நம்பினார். ஏழு வருடம் கழித்து விசாரணைக் குழு வந்தபோது, படையில் யாருக்கும் எதுவும் நினைவில்லை. ஒரே ஒருவருக்கு இருந்தது.

பெயர்கள் அவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். முன்பல் உடைந்தவர். இடது கையில் ஆறு விரல் உள்ளவர். ஒரே சாயலில் இருவர், அண்ணன் தம்பியாக இருக்கலாம். ஒன்பது பேரையும் சொன்னார். அந்த அடையாளங்களை வைத்து ஆறு குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தன. வண்டியை அனுப்பச் சொன்னவர் தண்டிக்கப்பட்டார். 'நானும் கேட்காமல் ஏற்றினேன்' என்று தன்னைப் பற்றியும் சாட்சியத்தில் எழுதச் சொன்னார் சார்ஜன்ட்.

அதன் பிறகு படையின் ஆண்டு விருந்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. முப்பத்தேழு வருடம்! "நல்லதாப் போச்சு, அந்தக் கூட்டத்துல இவர் பாட வேற செய்வார்" என்பார் அக்கா. ஆனால் விருந்து நடக்கும் வாரம் வந்தால், அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பாராம். அதையும் அக்காதான் சொன்னார்.

எது மானம்? வாய் மூடியிருந்ததா, வாய் திறந்ததா? அன்று அவரைத் துரோகி என்றவர்களில் இரண்டு பேர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். வயதான காலத்தில் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். ஐயா, உங்களைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் ஸ்டோருக்கு ஒரு கடிதம் வந்தது. நம் பள்ளியில் படித்த லெப்டினன்ட், எல்லையிலிருந்து எழுதியிருந்தார். 'சார், மூணு பேரைப் பிடிச்சோம். அடுத்த நாள் வேற யூனிட்காரங்க தாள் இல்லாம வந்து ஆட்களைக் கேட்டாங்க. கையெழுத்து இல்லாம தர மாட்டேன்னு சொல்லிட்டேன். கோழைன்னு திட்டினாங்க. மூணு பேரும் முகாம்ல உயிரோட இருக்காங்க, போய்ப் பார்த்துட்டு வந்தேன்.'

நான் உரக்கப் படித்தேன். சார்ஜன்ட் முழுவதும் கேட்டார். பிறகு, "தண்ணி குடுத்தானான்னு எழுதலையே?" என்றார். திரும்பி நின்று அலமாரியை வெகுநேரம் அடுக்கினார். அடுக்குவதற்கு அதில் எதுவும் இல்லை.

மூன்று பேர். நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், யாருடனோ சண்டை போடுகிறார்கள். ஒரு மனிதர் பத்தொன்பது வருடம் மண்ணில் உட்கார்ந்ததற்கு இது போதாதா? போதும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சொல்லப்பட்ட விஷயம்.

புதிய பேட்ச்சின் டைம்டேபிள் நேற்று ஒட்டப்பட்டது. மேடு பிடிக்கும் பயிற்சி, காலை ஆறு முதல் எட்டு. கொடி நட்டதும் முடிவு. கைதிக்கான இரண்டு மணி நேரத்தைக் காணவில்லை. இன்று காலை கமாண்டன்ட் அவர்களிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு நாற்காலி போட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? கேடட்டையே கைதியா உட்கார வெச்சா, கூட்டாளிதானேன்னு சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. பயிற்றுநர்கள் யாரும் மண்ணுல உட்கார மாட்டாங்க. அந்த மனுஷன் மாதிரி இன்னொருத்தர் எங்க கிடைப்பார்? ஆளைக் காட்டுங்க, நேரத்தைத் தர்றேன்."

அவர் கேட்டது நியாயம். வராந்தாவில் நின்று யோசித்தேன். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இவர் ஒப்புக்கொள்வாரா, அவர் ஒப்புக்கொள்வாரா? வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, பட்டியலில் ஒரு ஆளை நான் சேர்க்கவே இல்லை என்று. நான்கு வருடமாகக் கைதிகளைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கும் ஆள்.

கமாண்டன்ட் அவர்களே, ஆள் கிடைத்துவிட்டது. நான்தான். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், நீங்களும் காலையில் கொடுத்த வாக்கை இத்தனை பேர் முன்னால் காப்பாற்றுங்கள்.

சிரிக்கிறார். எழுதிக்கொள்கிறார். நன்றி ஐயா.

சார்ஜன்ட்டின் பொறுமை எனக்குக் கிடையாது. வெயில் ஆகாது. கையைக் கட்டினால் நடுங்குவேன் என்று நினைக்கிறேன். நடுங்கட்டும். அந்த ஒன்பது பேரும் நடுங்கித்தான் இருப்பார்கள்.

புதிய பேட்ச் கேடட்டுகளே, திங்கட்கிழமை காலை. நீங்கள் மேட்டில் ஏறியதும் மூன்றாம் நம்பர் பள்ளத்திலிருந்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, உங்களை நம்பி வெளியே வருவேன்.