சத்தமில்லாத பத்து நிமிடம்

ஐயா, எனக்கு டீ சூடாக இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். ஆறிப்போன டீயும் கழுநீரும் எனக்கு ஒன்றுதான். தொற்று பரவிய அந்த நாலு மாதத்தில் ஒரு டம்ளர் டீயைக்கூட நான் நிம்மதியாகக் குடித்ததில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு மானிட்டர். ஆக்சிஜன் இறங்கினாலும் கத்தும், நோயாளி புரண்டு படுத்தாலும் கத்தும். வீட்டுக்குப் போனாலும் அது காதை விட்டுப் போகாது. ஒருநாள் குக்கர் விசில் கேட்டு நான் பதறி எழுந்து ஓடினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் உட்கார்ந்து அழுததும் அவருக்கு முகம் செத்துவிட்டது.

மனநல ஆலோசகர் ஒருவர் வந்து எங்களிடம் பேசினார். "தினமும் பத்து நிமிஷமாவது உங்களுக்குன்னு ஒதுக்கிக்குங்க" என்றார். நல்ல மனுஷி, அவர்மேல் பழிபோட வரவில்லை. மத்தியான மருந்து கொடுத்து முடித்ததும் வார்டை ஒட்டி எங்களுக்கென்று இருக்கும் கண்ணாடி அறைக்குள் வந்து, அங்கிருக்கும் பொதுத் திரையில் எல்லா மானிட்டர்களின் சத்தத்தையும் பத்து நிமிடம் நிறுத்திவைப்பேன். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு டீ குடிப்பேன். எண்கள்தான் திரையில் ஓடுகின்றனவே, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு நாள் அப்படி ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் கட்டிலில் ஒரு தையல்காரர். ஊசி பட்டுப் பட்டு விரல் நுனி காய்த்துப்போயிருந்ததால் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கிளிப் சரியாகப் பிடிக்காது, சும்மா சும்மா கத்தும். "சிஸ்டர், என் சம்சாரமே தேவலை. அவ நடுவுல மூச்சாவது விடுவா" என்பார்.

இருபத்து மூன்றாம் நாள், அந்தப் பத்து நிமிடத்தில் வார்டுக்குள் பாதுகாப்பு உடையோடு நின்றவள் எங்கள் கடைக்குட்டி. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், அதனால் அந்தப் பெயர். பதினோராம் கட்டில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரரின் எண் இறங்கியது. விரல்தான் என்று நினைத்தேன். நான் சத்தத்தைத் திரும்பப் போட்டபோது காரியம் கைமீறியிருந்தது. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், முதல் ஆளாக.

நீங்கள் கடைக்குட்டியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். அவள் என் தோளில் சாய்ந்து விம்மினாள்.

"அக்கா, அது கத்தினது என் காதுல விழவே இல்லக்கா. கேட்டுக் கேட்டு காது மரத்துப்போச்சு போல. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

"விடுடி, நம்ம எல்லாருக்கும் அப்படித்தான்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன். இரண்டு வாரமாகக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. நேற்று அவளுடைய அம்மா போன் செய்தார். பெண் சாப்பிடுவதில்லை, கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறாள் என்றார். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

அவள் காதில் ஒரு கோளாறும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். சத்தம் வரவே இல்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். விரல்தான் என்று நினைத்ததாகச் சொன்னேனே, அது பொய். தையல்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.