வெள்ளி மையில் ஒரு சுழி

— நைனா, இந்த மூலையில இன்னா இது?

— எது மது? ஓ, அதுவா. பிள்ளையார் சுழி. ராத்திரி நீ தூங்குனப்புறம் உன் வெள்ளி மையத் தொட்டு நான்தான் போட்டேன்.

— என் சர்க்யூட்டுல பிள்ளையார் சுழியா!

— முப்பது வருசமா செஞ்சி பஜார்ல பிரஸ்சு வச்சிருக்கறேன். சுழி இல்லாம ஒரு தாளு இந்த முருகையன் கடைய விட்டு வெளிய போனதில்ல. சிங்கவரத்துக் கல்யாணப் பத்திரிகையில ஒரு தபா மறந்துட்டேன். மாப்ள வீட்டுக்காரங்க ஐநூறு பத்திரிகையயும் திருப்பி அனுப்சிட்டாங்க.

— இது பத்திரிகை இல்ல நைனா! நாப்பது டிரான்சிஸ்டரு!

— நம்ம வீட்ல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, பரண்ல பாதி எடத்த அடச்சிக்குனு. இந்தத் தாள்ல நாப்பதா?

— அது ரேடியோ. இது சுவிட்சு. கரன்ட்ட விடும், நிறுத்தும். மொதல்ல வெள்ளி மையில கோடு, அது மேல ஆர்கானிக் மையில புள்ளி புள்ளியா...

— ஆர்கானிக்கா? அவலூர்பேட்ட சந்தையில கத்திரிக்கா விக்கறாங்களே, அந்த மாதிரி சாணி போட்டதா?

— நைனா! வெள்ளியில கரன்ட்டு ஓடும். உன் சுழி ரெண்டு கோட்டயும் தொட்டுக்குனு கெடக்குது, ஷார்ட் ஆயிடும். காலேஜ் மிஷினு அடச்சிக்கிச்சுன்னுதான் உன் பிரின்டர கழுவி மை ஊத்தி அடிச்சேன். நாளைக்குப் பத்து மணிக்கு சென்னையில, வெளியூர் புரொபசர் முன்னாடி இந்த பிளாஸ்டிக் தாள வளச்சிக் காட்டணும். வளச்சாலும் ஓரத்துல இருக்கற இந்தக் குட்டி லைட்டு எரியணும். எரியலன்னா அஞ்சு வருச பிஎச்டி படிப்பு போச்சு.

— வேற தாளு அடிச்சிட்டா போச்சு.

— மை தீந்துபோச்சு. ராஜகிரிக் கோட்ட மேல ஏறி கத்துனாலும் கெடைக்காது.

— டென்சன் ஆவாத கண்ணு. மோர் குடிக்கிறியா?

— பிளேடு குடு.

— சாமி விசயம், சொரண்டாதம்மா...

— சொரண்டியாச்சு. பேட்டரிய வை. சிவப்பு ஒயரு இந்தப் பக்கம்.

— எரியலியே.

— இல்லியே... ஏன்?

— காலையில நீ பல்லு வெளக்கும்போது நான் வச்சிப் பாத்தேன். ஜம்முனு எரிஞ்சிது.

— சுழியோடவா?

— சுழியோடதான். சாமிய சொரண்டுனா எரியுமா?

— இரு, கம்ப்யூட்டர்ல படத்தப் பாக்கறேன்... ஐயோ நைனா! மொத வரிசையில கோடே சேரல. நான்தான் போடாம உட்டிருக்கேன். பதினேழு தபா பாத்தேனே! உன் சுழியோட வாலுதான் அத சேத்திருக்குது.

— பாத்தியா பிள்ளையார!

— கார்ட்ரிட்ஜ் அடியில ஒரு சொட்டு வெள்ளி இருக்குது. ஊசி முனையில தொட்டு வெக்கணும். அந்த வாலு வளைவு உனக்குத்தான் தெரியும். நீயே போடு நைனா.

— நீ இஸ்திரிப் பொட்டிய சூடு பண்ணு. காய வெக்கணும்ல?

— பண்ணிட்டேன். ஆமா, சுழிய எப்பவும் உச்சியில, நடுவுலதானே போடுவ? இத மட்டும் ஏன் மூலையில போட்ட?

— பேச்சு குடுக்காத, கை அசையுது. ஆங், சூடு காட்டு. போதும். இப்ப பேட்டரிய வை.

— எரியுது! வளச்சாலும் எரியுது! இப்பவாவது சொல்லு, ஏன் மூலையில?

— மத்த ஏழு வரிசையிலயும் கோடு சேந்திருந்துச்சு, மொத வரிசையில மட்டும் அறுந்து கெடந்துச்சு. முப்பது வருசமா புரூஃப் பாக்கறவன் கண்ணுக்கு அது தெரியாதா? நேத்தே சொன்னேன், "பத்தாவது பெயிலு, நீ சும்மா இரு நைனா"ன்ன. சரி, பிள்ளையாரு பேர்ல போட்டா கம்முனு இருப்பன்னு பாத்தா, அவரையே சொரண்டிட்டியே!