சட்டைக்குப் பொருத்தமாய் நான் வாங்கிக் கொடுத்தது

ஒரு காதுத் தோட்டுக்கும் இன்னொரு காதுத் தோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஐயா. எதைப் போட்டாலும் காதில்தான் தொங்கப் போகிறது. அதற்கு ஏன் ஒரு மாதம் யோசிக்க வேண்டும்?

நீங்கள் குளவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். தோட்டைப் பற்றிச் சொல்லாமல் குளவியைப் பற்றி மட்டும் சொன்னால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் நான் சொல்கிற வரிசையிலேயே எழுதுங்கள். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்ட வேண்டும். நான் ஒன்று சொல்ல, பொலிசில் நீங்கள் சிங்களத்தில் வேறொன்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை என்னிடம் நடக்காது.

என் பெயர் மரியரட்ணம். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மேல் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பெண்சாதி இறந்து பல வருடமாகிறது. மகள் கேத்ரின் பிள்ளைக் காம்பராவில் கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணி வைப்பாள், சோறாக்குவாள், என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். முப்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டும் சரியில்லை என்று அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

அதே லயத்தில் பொன்னையாவின் மகள் டோரீன். சின்ன வயதிலிருந்து கேத்ரினுக்குக் கூட்டாளி. அவளுக்குக் கடற்கரை ஊரான நீர்கொழும்பில் ஜூட்சன் என்று ஒரு மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தன்று மாதா கோயிலில் தனக்குத் தோழியாக நிற்க வேண்டும் என்று கேத்ரினைக் கேட்டாள். எங்கள் காலத்தில் தோழி என்றால் பெண்ணுக்குப் பின்னால் நிற்பாள், பூச்செண்டைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். இப்போது அதற்கென்று தனியாகச் சட்டை. கண்டியிலிருந்து தைத்து வந்தது. கணுக்கால் வரை நீளம், ஒரு மாதிரி வெளிறிய சிவப்பு.

"டின் மீன் நெறம்" என்றேன்.

"சாமன் நெறம்ப்பா. அதுக்குப் பேரு அப்பிடித்தான்."

"அதத்தான் நானும் சொன்னேன். சாமன்னா டின் மீனுதானே."

அன்று தொடங்கியது கஷ்டம். சட்டை வந்துவிட்டது, அதற்குப் பொருத்தமாகத் தோடு வேண்டும். தோடு கிடைத்தால் அதற்குப் பொருத்தமாகச் செயின். செயின் கிடைத்தால் தோட்டை மாற்ற வேண்டும். வளையல், கொண்டைக்கு முத்து வைத்த கிளிப், கையில் பிடிக்க ஒரு குட்டிப் பை. அந்தப் பையில் ஒரு வெற்றிலைகூட மடியாமல் போகாது. சீமெந்துத் தரையில் உயரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு டக் டக் என்று இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பாள். அடுப்பில் சோறு தீயும். இத்தனை வருடத்தில் தீயாத சோறு, ஐயா. தேத்தண்ணியில் சீனி இருக்காது. கேட்டால், "ஐயோ, மறந்துட்டேம்ப்பா" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் இரண்டு காதிலும் இரண்டு விதமாகத் தொங்கவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பாத்துச் சொல்லுங்க. முத்தா, கல்லா?"

"எதப் போட்டா என்ன? எல்லாரும் பொண்ணத்தான் பாப்பாங்க. ஒன்னைய யாரு பாக்கப் போறா?"

வாசலில் நின்ற டோரீன் சிரித்தாள். "பாக்குறதுக்கும் ஆளு இருக்கு மாமா. ஒங்களுக்குத்தான் சொல்லல."

கேத்ரின் அவள் வாயைப் பொத்தினாள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். நான் யாரையும் சட்டென்று நம்புவதில்லை. கேட்டால் பொய் சொல்வார்கள். கேட்காமல் இருந்தால் தானாக வெளியே வரும்.

டவுனில் பக்கீரின் பேன்சிக் கடையில் அது வெளியே வந்தது. சப்பாத்துக்குப் பட்டி மாற்ற வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணாடி முன்னால் ஒவ்வொரு செயினாகக் கழுத்தில் வைத்துப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். உடனே உடனே பதில் வந்தது. பக்கீர் என் பக்கம் சாய்ந்தார்.

"என்ன கங்காணி, மகளுக்கும் நீர்கொழும்புல முடியப் போவுதாமே. மாப்பிள்ளைட தம்பியாம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"சரிதான். ஊருக்கே தெரியும், ஒங்களுக்குத் தெரியாது. மரத்துல இருக்குற குளவிக் கூட்ட அரைக் கட்டை தூரத்துல இருந்து கண்டுபிடிக்கிற மனுசன், சொந்த வீட்டுக்குள்ள பாக்கலியே."

அவர் சொன்னது உண்மை. என் வேலையில் அதுவும் ஒன்று. காலையில் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்து பெண்களை மலைக்கு இறக்குவதற்கு முன்னால், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்து வருவேன். பவுடர் பூசி, பூ வைத்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாசத்துக்குக் குளவி வரும், சத்தத்துக்குக் கலையும். என் காலத்தில் எங்கள் பிரிவில் ஒருத்திகூடக் குளவி கொட்டிச் சாகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. பெயர் சுஜீவன், ஜூட்சனின் தம்பி, கோயிலில் அவளுக்கு எதிரில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப் போகிறவன்.

"கல்யாணத்தன்னைக்கு ஒங்கக்கிட்ட வந்து கேக்குறேன்னு சொல்றாரு. ஒங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போவோம்ப்பா. தனியா விட மாட்டேன்."

"அந்த மீன் நாத்தத்துக்கா?"

"இங்க மட்டும் என்ன, மல்லியப்பூ வாசமா?"

என் மகள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லாம் அந்தத் தோட்டாலும் செயினாலும் வந்தது. அவற்றைப் போடுவதற்கு முன்னால் அவள் அப்படி இல்லை.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்னைக் குறை சொல்வாள். காலம் முழுக்கச் சொல்லுவாள். குளவியை யாரும் குறை சொல்வதில்லை. ஒரு நாளைக்கு அவள் முகம் வீங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். வீங்கிய முகத்தோடு கோயிலில் நிற்க மாட்டாள். நிற்காவிட்டால் அவன் கேட்க மாட்டான். அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். முகம் வடிந்துவிடும். நாங்கள் பழையபடி இருப்போம். இதில் யாருக்கு என்ன நட்டம்?

மறுபடி பக்கீரின் கடைக்குத் தனியாகப் போனேன். இருக்கிற அத்தரில் வாசம் கூடியதைக் கேட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தேன். தோட்டுக்கு ஒரு மாதம் எடுக்கிறாளே என்று திட்டியவன் நான். அன்று ஒரு போத்தலைத் தெரிவு செய்ய எனக்கும் பின்னேரம் முழுக்க ஆனது.

"மகளுக்கா? மனசு எறங்கிட்டீங்க போல" என்றார் பக்கீர்.

"ஆமா" என்றேன்.

கேத்ரினிடம் கொடுத்தேன். "தோடு செயினு எல்லாம் ஒன் இஷ்டம். இத மட்டும் மறக்காமப் போட்டுக்க. கழுத்துல, கொண்டையில, நல்லாவே பூசு."

அவள் அழுதாள். லயம் முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அவரே போய்ப் பாத்து எடுத்திருக்காரு." அன்றைக்குச் சோறு தீயவில்லை.

மழைக்கு லயத்து ரோடு சரிந்திருந்தது. வேன் மேலே வராது. பெண்ணைக் கீழ் ரோடு வரை நடத்தித்தான் கூட்டிப் போக வேண்டும். பொன்னையா என்னிடம் வந்தான். குளவி விஷயத்தில் இன்றைக்கும் எங்கள் லயத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கல்யாணமோ சாவோ நகராது.

"அண்ணே, சுத்திப் போனா சேல எல்லாம் சேறாயிரும். ஏழாம் நம்பர் மலைக் குறுக்குல எறங்கலாமா? கூடு கீடு ஏதும் இருக்கா?"

"நான் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"நீங்க சொன்னாச் சரி. அப்ப வெடிய எங்க போடுறது? கோயில்கிட்ட சாமியார் விட மாட்டாரு."

"அந்த மலையில இருக்குற டர்பன்டைன் மரத்தடியில போடு. ரோட்டுல நிக்கிற மாப்பிள்ள வீட்டாளுகளுக்கு அங்க இருந்துதான் கேக்கும்."

கூடு அந்த மரத்தில்தான் இருந்தது. சோற்றுப் பானை அளவு. அந்த மலையில் அப்போது கொழுந்து எடுக்கவில்லை, அதனால் வேறு யாரும் பார்க்கவில்லை. நான் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை, ஐயா. அவர்கள் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன்.

அன்று காலை முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேத்ரின் வந்து காட்டிவிட்டுப் போனாள். கடைசியில் முத்துத் தோடுதான் போட்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. பெண்ணைக் கூட்டிப் போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்தச் சுஜீவனே மேலே ஏறி வந்திருந்தான். எனக்குக் குனிந்து ஸ்தோத்திரம் சொன்னான். அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது வெடி இல்லை.

குளவி வந்தால் ஓடாதே, தேயிலைக்குள் குப்புறப் படு, தலையை மூடு என்று இந்த லயத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எல்லோரும் படுத்தார்கள். ஆளுக்கு நாலைந்து கொட்டு, அவ்வளவுதான். டோரீனால் முடியவில்லை. தலையில் போட்டிருந்த நீள நெட் தேயிலை மிலாறுக் குச்சியில் சிக்கிவிட்டது. குளவிகள் அந்த நெட்டுக்குள் புகுந்து வெளியே வர வழியில்லாமல் அவளையே கொட்டின. அவள்மேல் அத்தர் வேறு இருந்தது. சோடிக்கும்போது கேத்ரின் தன் போத்தலைத் திறந்து, "எங்கப்பா குடுத்தது, ஒனக்குந்தான்டி" என்று கழுத்திலும் கொண்டையிலும் பூசிவிட்டிருக்கிறாள். நான் அவளுக்கு வாங்கியதை அவள் இன்னொருத்திக்கு ஏன் பூச வேண்டும்? அப்படி நான் சொல்லவே இல்லை.

அந்தச் சுஜீவன் தன் கோட்டைக் கழற்றி என் மகளைப் போர்த்தி, மேலே விழுந்து மறைத்துக்கொண்டான். அவளுக்குப் புறங்கையில் மட்டும் கொட்டியது. முகம் வீங்கவே இல்லை. அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. டோரீன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டாள். கல்யாணச் சேலையோடுதான் அடக்கம் செய்தார்கள்.

செத்த வீட்டில் கேத்ரின் டோரீனின் தாயின் காலைப் பிடித்தாள். "அத்த, நாந்தான் பூசி விட்டேன். வாசத்துக்குக் குளவி வரும்னு எங்கப்பா எத்தன பேரைத் திருப்பி அனுப்பிருக்காரு, எனக்குத் தெரியாதா? நாந்தான் கொன்னுட்டேன்." அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டாள். பொன்னையா என் கையைப் பிடித்து, "நீங்க பாக்கையில கூடு இருந்திருக்காதுண்ணே. பொறகு வந்து கட்டியிருக்கும்" என்றான். நான் தலையாட்டினேன். அத்தரை வாங்கியது நானாச்சே என்று ஒருவரும் என்மேல் சந்தேகப்படவில்லை. தகப்பன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, மகளுக்குத்தான் யோசனை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். இரக்கப்பட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வீடு நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. தோடும் செயினும் எங்கே போயின என்று தெரியாது. சப்பாத்துச் சத்தம் இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது, தேத்தண்ணியில் சீனி இருந்தது. அந்தப் பையன் ஒரு கண்ணில் கட்டோடு ஒரு தடவை லயத்துக்கு வந்தான். கேத்ரின் உள்ளேயே இருந்துகொண்டாள்.

"போகச் சொல்லுங்கப்பா. நான் அவருக்கு ஆகாதவ."

"ஒன் மனசு போலச் செய்" என்றேன். நான் அவளை எதற்கும் வற்புறுத்தியதில்லை.

இரவில் அழுவாள். அழுகை குறைந்துகொண்டு வரும் என்று பார்த்திருந்தேன். அப்படியே விட்டிருந்தால் குறைந்திருக்கும். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, பண்டாரவளைப் பக்கம் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள். சாமியாரிடம் பேசியும் முடித்துவிட்டாள்.

"எம் பாவத்துக்கு அங்கதான் எடம்ப்பா."

"அப்ப நான்?"

"பொன்னையா மாமா வீட்டுல ஒங்களுக்குச் சாப்பாடு தர்றேன்னு சொல்லிருக்காங்க."

அந்த வீட்டுச் சமையலில் உப்பு கூட, ஐயா. எனக்குப் பிரஷர் இருக்கிறது.

அதனால்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. இப்போது எழுதிக்கொள்ளுங்கள். கூடு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பாதை சொன்னேன், வெடி போடச் சொன்னேன், அத்தர் வாங்கிக் கொடுத்தேன். என் மகளைக் குளவி கொட்ட வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தேன். டோரீன் செத்தது என்னால். கேத்ரின்மேல் ஒரு பிழையும் இல்லை.

அவள் வெளியில் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். பென்ஷன் விஷயமாக என்று சொல்லிக் கூட்டி வந்தேன். உள்ளே கூப்பிட்டு இதை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். தன்மேல் பிழை இல்லை என்று தெரிந்துவிட்டால், பிறகு அவள் எதற்கு மடத்துக்குப் போகப் போகிறாள்? கொஞ்சம் சுருக்காக வாசியுங்கள், ஐயா. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் நாங்கள் இரண்டு பேரும் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.