ஓரம் வெட்டாத பதின்மூன்றாம் பாகம்

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. இஞ்சி ஒரு பிடி கூடுதல், ஆனால் ஐப்பசி மழைக்குத் தொண்டைக்கு இதம்தான். "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்று நான்கு வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறீர்கள். என் எழுத்து கொஞ்சம் பெரிது. இருந்தாலும் நான்குக்குள் முடித்துவிடுகிறேன். காகிதத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. எனக்குச் சோறு போடுவதே காகிதம்தான்.

என் பெயர் நல்லசிவம். வயது ஐம்பத்தொன்று. சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகிற ரோட்டில் வெடிக்குழாய் உருட்டும் கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒன்பது பெண்கள், ஒரு அண்டா பசை, அவ்வளவுதான். பழைய பேப்பரை நீளமாகக் கிழித்து, கம்பியில் சுற்றி, பசை தடவி உருட்டிக் கம்பியை உருவினால் குழாய். அதில் மருந்து செலுத்துவது பட்டாசுத் தொழிற்சாலைக்காரர்கள் பாடு. நீங்கள் வெடித்த சரத்தின் உடம்பு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டாக இருந்திருக்கலாம். ஊரில் படித்து முடித்ததெல்லாம் கடைசியில் என் கொட்டகைக்குத்தான் வரும்.

வெளியே பெஞ்சில், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி இந்த ஜன்னலையே பார்க்கிறானே, அவன்தான் மணிகண்டராஜ். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து என் உயிர் நண்பன். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. காக்க வைப்பான். பள்ளியில் இருவரும் பூப்பந்து டீமில் இருந்தோம். இப்போது அந்த விளையாட்டை யார் சீந்துகிறார்கள், அது வேறு கதை. மஞ்சள் கம்பளிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் போடாமல் நிற்பான். எதிரில் நான் முழங்காலை மடக்கிக் குனிந்து, இடுப்பு கடுக்கக் காத்திருப்பேன். அவன் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் எப்போதாவது ஒரு பழைய பேய்ப் படம் வரும். பேய் கதவைத் திறக்கிற நேரம் பார்த்து மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்புவான். "தெரியுதாலே?" என்று மேலிருந்து கேட்பான். கீழே திரை முழுக்கப் பூச்சி பறக்கும். அப்படி நான் முகம் பார்க்காத பேய்கள் ஏழெட்டு இருக்கும். ஒருத்தரைக் காக்க வைப்பது போன்ற பாவம் உலகத்தில் வேறு இல்லை, அம்மா. நான் எழுதுவதில் நீங்கள் கோடு போட வேண்டிய வரி இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஏழாவது படிக்கும்போது இந்த ஊரிலேயே அச்சாகி ஒரு படக்கதை மாதா மாதம் வந்தது. பெயர் 'வெள்ளைக்குழி மர்மம்'. ஆலங்குளத்துப் பக்கம் இருப்பது போல ஒரு சுண்ணாம்புக்கல் குழி. அதிலிருந்து ஏதோ ஒன்று ஏறி வரும். ஆளைப் பார்க்க முடியாது, வெள்ளைப் பாதம் மட்டும் தரையில் பதிந்துகொண்டே போகும். பாதம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் காலையில் ஒரு ஆள் குறையும். பன்னிரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் பாதம் கதாநாயகி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அவள் கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்பது யாரென்று நமக்குக் காட்டவில்லை. அவள் முகம் மட்டும் பக்கம் முழுக்க. வாய் பிளந்து ஒரே ஒரு வார்த்தை: "நீயா?"

அந்த 'நீயா'வுக்குப் பதில் தெரியாமல் நான் முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தேன். இடையில் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், சர்க்கரை வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் கூட, வாசலில் நின்றது கதையில் வருகிற அந்தக் குழிக் கணக்குப்பிள்ளையாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பதின்மூன்றாம் பாகம் அச்சானது, மடித்துத் தைத்தும் முடிந்தது. கடைக்குப் போகும் முன்னால் அந்தப் பதிப்பகம் படுத்துவிட்டது. கட்டுக்கட்டாக எல்லாமே பழைய பேப்பர் விலைக்குப் போய், அந்த வருஷத் தீபாவளிக்கு வெடியாகி வெடித்துவிட்டது. ஒன்றே ஒன்று தவிர. மேலட்டை அச்சடித்தது மணிகண்டராஜின் அப்பா பிரஸ். அங்கிருந்த ஒரு பிரதியை இவன் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டான்.

"யாருலே அது?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அடுத்த தீபாவளிக்குச் சொல்றேம்லே" என்றான்.

அடுத்த தீபாவளிக்கும் அதையே சொன்னான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரத் தட்டோடு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, அதே பதில். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பொறுமையைப் பற்றி என் சம்சாரம் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவாள்.

அவனிடம் பீரோ நிறையப் படக்கதைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பில் தன் பெயரைக் குத்தியிருப்பான். சென்னையிலிருந்தெல்லாம் சேகரிப்பாளர்கள் வந்து பார்த்து, பெருமூச்சு விட்டுப் போவார்கள். அவனுக்குப் பிள்ளை இல்லை. "இதுகதாம்லே என் பிள்ளைக" என்பான். இந்தப் புரட்டாசியில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, மதுரையில் ஆபரேஷன் வைத்தார்கள். மச்சினன் வீட்டில் பத்து நாள் தங்க வேண்டியிருந்தது. அவன் சம்சாரம் ஸ்ரீமதி சாவியை என் கையில் கொடுத்து, "அண்ணே, வீடு இருட்டிக் கெடக்கப்பிடாது, அந்தியில விளக்கு மட்டும் ஏத்தி வச்சிருங்க" என்றாள். அவனும் என் தோளைத் தடவிப் பிடித்து, "கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல அந்தப் பீரோவத்தாம்லே தொறந்து பாக்கணும்" என்றான்.

பத்து நாளும் விளக்கு ஏற்றினேன். ஒரு நாள் கூடத் தவறவில்லை. ஸ்ரீமதியைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன். நான் திருடன் இல்லை, படித்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். பதின்மூன்றாம் பாகம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. எடுத்துப் பிரித்தால் பிரியவில்லை. உங்களுக்கு அச்சுத் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்து, கடைசியில் மிஷினில் மூன்று ஓரமும் வெட்டினால்தான் பக்கங்கள் தனித்தனியாக விடும். இது வெட்டாத பிரதி. மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கிடந்தது. ஒரு இடத்தில் கூடக் கத்தி படவில்லை.

அதாவது, அவனும் படிக்கவில்லை. அவனுக்கும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் ஒன்றுமே தெரியாமல் கண்ணைச் சிமிட்டியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு முன்னால் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு சமையலறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, ஓரங்களைப் பதமாகக் கிழித்து, பதினாறு பக்கமும் படித்தேன். முடிவை எப்படிச் சொல்ல, யாரும் எதிர்பார்த்திருக்கவே முடியாது. அந்தக் கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று தெரிந்ததும் 'அடேயப்பா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முதல் பாகத்திலேயே துப்பு இருக்கிறது. அத்தனை பேரும் கோட்டை விட்டிருக்கிறோம்.

படித்ததோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓரம் கிழித்த புத்தகத்தைத் திரும்ப வைத்தால், கண் தெரிந்ததும் கண்டுபிடித்துவிடுவான். சரி, அதை மட்டும் எடுத்துவிட்டால்? அந்த ஒன்றின் மேல் ஆசை உள்ளவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். பீரோவே காலி என்றால் யாரோ பழைய பேப்பர் திருடன் என்று போய்விடும். நானும் அப்படித்தான் யோசித்தேன். வேறு எந்த மனுஷனும் அப்படித்தான் யோசிப்பான்.

நான்கு சாக்கு வந்தது. என் கொட்டகைக்கே ஏற்றிக்கொண்டு போனேன். சீசன் கடைசி, சரவெடிக்குக் குழாய் கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து விடாமல் போன், பேப்பரும் தட்டுப்பாடு. இப்படி எல்லாம் தானாகப் பொருந்தி வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எங்கள் பாண்டிமீனா, எனக்குப் பதினைந்து வருஷமாகக் குழாய் உருட்டுகிறவள், ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அம்புட்டும் படம் போட்ட புஸ்தகமால்ல இருக்கு. யாரோ பிள்ளையக் கணக்கா வச்சிருந்துருக்காக. கிழிக்கவா?"

"கிழி தாயி" என்றேன்.

அந்தத் தாள் உருட்டுவதற்கு எவ்வளவு அம்சம் தெரியுமா, பசையைச் சமமாகக் குடித்துக்கொள்ளும், குழாய் இரும்பு மாதிரி நிற்கும். பாண்டிமீனாவே அதை ஒத்துக்கொண்டாள். பதின்மூன்றாம் பாகத்தை மட்டும் நானே உருட்டினேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு நான் கம்பியைத் தொட்டது அன்றைக்குத்தான். கை மறக்கவில்லை.

அவன் திரும்பி வந்து பீரோவைத் திறந்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். கட்டுப் பிரித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, கண்ணில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவன் அழாமல் பார்த்துக்கொண்டது நான்தான். இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து புகார் எழுதிக் கொடுத்ததும் நான்தான். காரியாபட்டி வரைக்கும் பழைய பேப்பர் கடை கடையாக ஏறி இறங்கினோம். மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பிசைந்து கொடுத்தேன்.

தீபாவளி அன்று நான் செய்தது ஒரு சின்னத் தவறு. அந்தக் குழாயில் செய்த சரம் முழுவதையும் தொழிற்சாலையில் சொல்லி எனக்கே வாங்கிவைத்திருந்தேன். மிச்சம் மீதி இருக்கக் கூடாதல்லவா. காலை ஆறு மணிக்கு என் வாசலில் ஒவ்வொன்றாக வைத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். தெரு முழுக்கப் பேய்களும் துப்பறியும் ஆட்களும் குதிரைகளும் பறந்தார்கள். சின்னப்பிள்ளை மாதிரி நானும் கைதட்டினேன். வெடி காகிதத்தை எரிக்காது அம்மா, கிழித்துப் பரப்பும். முப்பது வருஷமாகக் குழாய் விற்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஏனோ அன்றைக்கு நினைவு வரவில்லை.

மணிகண்டராஜ் பலகாரத் தட்டோடு வந்தான். இந்தத் தடவை அவனே என் வீட்டுக்கு வந்தான். செருப்பில் ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து எடுத்து, புதுக் கண்ணால் உற்றுப் பார்த்தான். அரை விரல் அகலக் காகிதம். அதில் பாதி ரப்பர் ஸ்டாம்ப், 'மணிகண்ட' வரைக்கும். தெருவைப் பார்த்தான். கையில் ஊதுபத்தியோடு நின்ற என்னைப் பார்த்தான். முகம் அந்தக் கடைசிக் கட்டத்தில் வரைந்தது போலவே இருந்தது.

"நீயா?" என்றான்.

அவன் என்னை அடிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, மழை வருவதற்குள் என்று தெருவில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே கேட்டான்: "வாசிச்சியாலே?"

"வாசிச்சேன்."

"யாருலே அது?"

அவன் குரலில் அப்படி ஒரு ஆசை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

ஒன்று எழுத விட்டுப்போனது. அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'நானும் நல்லசிவமும் சேர்ந்து வெட்டிப் படிக்க வேண்டியது' என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தான். இந்த வருஷத் தீபாவளித் தேதிதான். கத்தியை எடுக்கும் முன்பே அதைப் படித்துவிட்டேன். இன்னும் முப்பது நாள்தான் இருந்தது. ஆனால் அவன் வாக்கை நம்பி எத்தனை தடவை ஏமாறுவது, சொல்லுங்கள். சீட்டையும் சேர்த்துத்தான் உருட்டினேன்.

இப்போது புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். ஒரே ஒரு நிபந்தனை, வாசலில் நின்றது யாரென்று இந்த வாக்குமூலத்தில் கடைசி வரியாக நான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்னை உள்ளே வைக்கலாம் என்று நீங்களும் சொல்கிறீர்கள். ஆனால் என் பேனா நிற்கும்போதெல்லாம் மேஜைக்கு மேலே நீங்கள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனோ பெஞ்சின் நுனிக்கே வந்துவிட்டான். மடியில் அந்தத் துண்டுகள் போட்ட பை.

நான்காவது தாளில் இரண்டு விரற்கடை இடம் மிச்சம் இருக்கிறது. பெயர் எழுத அது போதும், சின்னப் பெயர்தான். ஆனால் காக்க வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். அதனால் அவனை அலைய விடாமல் தேதியைத் தெளிவாகவே சொல்லி அனுப்பிவிடுங்கள், அம்மா. அடுத்த தீபாவளிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.