மஞ்சள் சீட்டு

அங்க வச்சிடு தம்பி, அடுப்புக்குப் பக்கத்துல. மாட்டவெல்லாம் வேணாம். பழைய சிலிண்டரா? அது வந்து... அதுல இன்னும் கேஸ் இருக்கு. முக்காவாசி இருக்கும். சரி சரி, முறைக்காத. ஒரு மாசத்துல இது மூணாவது சிலிண்டர். தனி ஆளு, தினம் ரெண்டு தம்ளர் காபியும் ஒரு கை சோளப்புட்டும் அவிக்கிறவ, இவளுக்கு எதுக்கு இத்தனைன்னு உங்க கடையில கேலி பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும். போன தடவை அந்தக் கடைக்கார வால்டெசிர் ஃபோன்லயே கேட்டான், என்ன டோனா இவொனெட்டி, ஹோட்டல் கீட்டல் ஆரம்பிச்சுட்டீங்களான்னு. ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான், ஜெனில்சனையே அனுப்புன்னு சொல்றேன்ல, அதுக்கு வேற ஒரு சிரிப்பு. எழுபது வயசுக் கிழவிகிட்ட என்னத்தக் கண்டு சிரிக்கிறானோ.

உக்காரு. வண்டிய நிழல்லதான விட்டிருக்க? அப்புறம் என்ன அவசரம். காபி போட்டுட்டேன். உன் பைக் சத்தம் தெருமுனையில கேட்டப்பவே போட்டுட்டேன்.

வியாழக்கிழமை அந்தப் பரிசோதனைக்கு நீ வர்ற விஷயந்தான், வேற என்ன. போன தடவையும் அதத்தான் பேசினேன். நீ வரமாட்டேன்னுட்ட. இந்த ஊர்ல இன்னும் இருக்கிறவங்கள்ல நீ ஒருத்தன்தான் பாக்கி. மத்தவங்களையெல்லாம் பிடிச்சுக் குடுத்துட்டேன். ஒருத்தன் ஆட்டுப்பட்டியில இருந்தான், ஒருத்தி ரெட்டைப் புள்ளையோட சர்ச்சுல இருந்தா. பட்டணத்துலேர்ந்து, ரெசிஃபேலேர்ந்து வந்திருக்கிற டாக்டரம்மாவுக்கு ஆளுங்க பேரு தெரியும், முகம் தெரியாது. முகம் எனக்குத்தான் தெரியும். நாந்தானே அப்ப வீடு வீடாப் போயி உங்களையெல்லாம் தராசுல தொங்கவிட்டவ. ஒரு வயசு கூட ஆகாத எலிக்குஞ்சுங்க நீங்க. அந்த வருஷம் மழையே இல்ல, ஊர்ல பாதிப் புள்ளைங்க எடை கம்மி.

ரிட்டயர் ஆகி பதினோரு வருஷம் கழிச்சு என்னைத் தேடி டாக்டரம்மாவோட கார் வந்து வாசல்ல நின்னுது தெரியுமா. நான் போயி புது மேஜைவிரிப்பு எடுத்து விரிச்சேன். நூத்தி நாப்பது வீட்டுக்கு மாசாமாசம் சுகாதார வேலையாப் போனவ நான். எந்த வீட்டுல யாருக்குச் சக்கரை, யாரு புருஷன் குடிக்கிறான், எவ மாத்திரைய முழுங்காம பானைக்குள்ள ஒளிச்சு வைக்கிறா, எல்லாம் தெரியும். எல்லா வீட்லயும் காபி. சாயங்காலம் தூக்கமே வராது, அவ்வளவு காபி. இப்ப நான் போட்டா குடிக்க ஆளு வேணும்னு சிலிண்டர் வாங்கறேன். சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன்.

இல்லப்பா, ஊசி இல்ல. விரல்ல ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். உயரம், எடை. தூக்கம் வருதா, கோவம் வருதா, கோவத்துல எதையாவது உடைச்சிருக்கியான்னு ஒரு கட்டுக் கேள்வி. அப்புறம் கட்டை அடுக்கச் சொல்லுவாங்க, படத்துல எது கொறையுதுன்னு கேப்பாங்க. ஆங்... அதுதான் உனக்குப் பயம், இல்ல? போன தடவை நீ சொன்னது எனக்கு இன்னும் காதுலயே நிக்குது. என் மண்டையில ஒண்ணும் ஏறாது டோனா, அஞ்சாங்கிளாஸ்லயே வாத்தியார் எழுதிக் குடுத்துட்டாரு, அந்தக் கட்டைய வச்சுக்கிட்டு ஊரு முன்னாடி நான் முழிக்கணுமான்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்ன. நீ போனதும் நான் கதவச் சாத்திட்டு அழுதேன். ஏன்னா கேக்குற. இரு, சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

உங்கள எதுக்கு லிஸ்ட்ல சேத்தாங்கன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்களா? பால் பவுடருக்குன்னா? பால் பவுடர் எல்லாருக்கும் உண்டு. அது இல்ல விஷயம். எடை கம்மியான புள்ளைங்கள்ல பாதிப்பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் நான் வீட்டுக்குப் போயி விளையாடணும். சும்மா விளையாட்டு இல்ல. அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, புள்ளைகிட்ட எப்படிப் பேசறது, பொம்மைய துணிக்குள்ள ஒளிச்சு வச்சு எங்கன்னு எப்படிக் கேக்கறது, பேரு சொல்லிச் சொல்லி எப்படிக் காட்டறதுன்னு. எல்லாம் நாங்களே செஞ்ச சாமான். எண்ணெய் பாட்டில்ல பீன்ஸ் போட்டு கிலுகிலுப்பை, மூடியெல்லாம் கோத்து பாம்பு. ஒரு மஞ்சப் பை நிறைய எடுத்துக்கிட்டுப் போவேன். மிச்சப் பாதிப்பேருக்கு பவுடரும் எடையும் மட்டும், மாசம் ஒரு தடவை. கடைசியில ரெண்டு கூட்டத்தையும் வச்சுப் பாத்தா, விளையாட்டு எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு தெரிஞ்சுடும்ல.

யாரு எந்தப் பாதின்னு எப்படி முடிவு பண்றதா? அப்படிக் கேளு. இவ்வளவு கேக்குறவன் மண்டையில ஒண்ணும் ஏறாதாம்! கவர் தம்பி. ஒட்டின கவர், மேல நம்பர். வீட்டு வரிசைப்படி ஒவ்வொண்ணா, அந்த அம்மா கண்ணு முன்னாடிதான் பிரிக்கணும். உள்ள மஞ்சள் சீட்டு இருந்தா விளையாட்டு, நீலம்னா எடை மட்டும். நம்ம ஆசை, நம்ம இரக்கம் எதுவும் அதுல படக்கூடாதுன்னு டாக்டரம்மா அப்ப வீடு வீடாப் போற எங்க ஏழு பேரையும் உக்கார வச்சு நாலு நாள் சொல்லிக்குடுத்தாங்க. எந்தப் புள்ளைக்கு எதுன்னு கடவுளுக்கே முன்னாடி தெரியக்கூடாது இவொனெட்டின்னாங்க. நானும் பெரிய மனுஷி மாதிரித் தலைய ஆட்டினேன்.

லூசிமார ஞாபகமிருக்கா உனக்கு? உங்க தெருவுல கடைசி வீடு, பச்சைக் கதவு. அவளும் நானும் யோவான் திருவிழா நெருப்ப கைகோத்து மூணு சுத்துச் சுத்தினவங்க. உன் பொஞ்சாதி இப்பல்லாம் அந்த நெருப்புகிட்ட நின்னு படம் எடுத்துப் போடுறா, நாங்க அப்ப நிஜமாச் சுத்துவோம். சுத்திட்டா கூடப்பொறப்பு, ஒருத்தரையொருத்தர் கொமாத்ரின்னுதான் கூப்பிட்டுக்குவோம். அவளால முடியலன்னா நான் செய்யணும், என்னால முடியலன்னா அவ செய்யணும், அதுல பேச்சே கிடையாது. அவளுக்கு மொதல் ரெண்டு புள்ளையும் தங்கல. மூணாவது தாயினா. என் கையிலதான் பொறந்துது, நாந்தான் ஞானத்தாய். எனக்குப் புள்ளை இல்லன்னு ஊருக்கே தெரியும், என் புருஷன் சாவோ பாவ்லோ பஸ் ஏறினதுக்கும் அதுதான் காரணம்னு தெரியும். சரி, அந்தக் கதை வேணாம்.

லூசிமார் வீட்டுக் கவர் பதினேழு. பிரிச்சேன். நீலம்.

என்ன பண்ணுவ நீ? சொல்லு. ஞானமக. எடை போட்டா ஒரு பெரிய கோழி அளவு இருக்கா. நான் சீட்ட மடிச்சேன், ஜாக்கெட்டுக்குள்ள வச்சேன், கொஞ்சம் சந்தேகமா இருக்கு, நாளைக்கு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். திரும்பி வர்ற வழியில அடுத்த வீட்டுல பதினெட்டு. பிரிச்சேன். அதுல மஞ்சள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சள் நல்லதா டோனான்னு கேட்டாங்க. மஞ்சள்னா எடையும் பவுடரும்னு சொன்னேன். சரி டோனா, பவுடர் வருதே, அதே போதும்னாங்க. எனக்குக் காபி குடுத்தாங்க. நான் குடிச்சேன் தம்பி. அந்தக் காபிய உக்காந்து முழுசாக் குடிச்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு சீட்டையும் மாத்தி வச்சு, நோட்டுலயும் மாத்தி எழுதினேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

இரு இரு, போயிடாத. அந்தக் கடை எங்கயும் ஓடிடாது. வால்டெசிர் கத்தினா என்மேல பழியப் போடு.

லூசிமார் கெஞ்சினா, அவ கண்ணப் பாத்து மனசு கேக்கலன்னு ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். அவ எதையும் கேக்கவேயில்ல. நீலம்னு சொல்லியிருந்தா, சரி கொமாத்ரி, விதிச்சது அதுன்னு போயிருப்பா. ஆசை எனக்குத்தான். வாராவாரம் ஒரு மணி நேரம் அந்தப் புள்ளைய மடியில வச்சுக்க எனக்கு ஒரு சாக்கு வேணும். அரசாங்கச் சம்பளத்தோட ஒரு சாக்கு. ஒரு வயசுல பந்து எங்கன்னா கை காட்டுவா. ஒன்றரை வயசுல நான் வாசல்ல வர்றப்பவே என் மஞ்சப் பையக் காட்டி பை, பைன்னு கத்துவா. அந்த ரெண்டு வருஷந்தான் தம்பி நான் தாயா இருந்தது.

தாயினாவா? போர்ச்சுகல்ல இருக்கா, ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. லூசிமாரையும் கூட்டிட்டுப் போயிட்டா. நல்லா இருக்காங்க. கிறிஸ்துமஸுக்கு வாட்ஸாப்புல பேசி அனுப்புவா. ஞானம்மா, எப்படி இருக்கீங்க, இங்க ஒரே குளிரு, முத்தம்னு. பதினாலு செகண்டு. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பேன். பதிலுக்கு அஞ்சு நிமிஷம் பேசி அனுப்பினேன் ஒரு தடவை. ஒரு கட்டைவிரல் வந்துது.

அதெல்லாம் அந்த விளையாட்டாலதானான்னா, எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா சொல்றாங்க, ஒரு புள்ளைய வச்சுச் சொல்லவே முடியாது, மொத்தமாப் பாத்தா கொஞ்சம் வித்தியாசம் இருக்குன்னு. விளையாடினவங்க ரெண்டு மூணு கிளாஸ் கூடப் படிச்சிருக்காங்களாம், அடிதடி கம்மியாம். விளையாடாமலே நல்லா வந்தவங்களும் இருக்காங்க. விளையாடியும் ஜெயில்ல இருக்கான் ஒருத்தன். நான்தான் விளையாடினேன் அவன்கூட. அதனால இதுதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாதே, அதான என்னைத் தின்னுது.

வியாழக்கிழமை நான் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். பதினேழு, பதினெட்டு ரெண்டு நம்பரையும் கணக்குலேர்ந்து அடிச்சுடுவாங்க. என்னை இனிமே கூப்பிடவும் மாட்டாங்க, அந்தக் காரும் வராது. பரவால்ல. அதுக்கு முன்னாடி அந்தப் பதினெட்டாம் நம்பர் வீட்டுல சொல்லணும்ல? ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் கடைசியாவா அவங்களுக்குத் தெரியணும்? அந்த அம்மா இன்னிக்கும் சந்தையில என்னைப் பாத்தா ஓடி வந்து கையப் பிடிக்கிறாங்க. பூசணித் துண்டு ஒண்ணு பையில திணிக்கிறாங்க. என் புள்ளையத் தூக்கி எடை போட்ட கையாச்சேன்னு. ரெண்டு தடவை வாயெடுத்தேன். வரல. சரி, புள்ளைகிட்டயே சொல்லிடலாம்னு சிலிண்டர் கடைக்கு ஃபோன் போட்டேன்.

ம். உங்கம்மாதான். ஜெரூசாதான்.

எந்திரிக்காத தம்பி, இன்னும் கொஞ்சந்தான். வண்டிச் சாவியக் கீழ வை.

அந்த மஞ்சள் சீட்டு உன்னோடது. உன் பேருக்கு வந்தது. அதனால இனிமே உன் மண்டையப் பத்தி நீ என் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொல்றதுன்னா என்னைச் சொல்லு, திட்டு, ஊரைக் கூட்டு. எட்டு மாசப் புள்ளை இருக்குல்ல உனக்கு, அதுகிட்ட பேசு. புரியுதோ புரியலையோ பேசு. அதோட விளையாட என்னை வரவிடுன்னு கேக்கமாட்டேன். அந்த உரிமை எனக்கில்ல.

மாசா மாசம் உன்னை எடை போட வருவேன்ல, அந்தப் பை தோள்லயே இருக்கும். நீ கிலுகிலுப்பை சத்தம் கேட்டுக் கைய நீட்டுவ. தராசுல தொங்கிக்கிட்டே நீட்டுவ. நீலச் சீட்டுப் புள்ளைக்குச் சாமான் காட்டக்கூடாதுங்கறது சட்டம். உன் விஷயத்துல மட்டும் நான் சட்டம் தப்பவே இல்ல தம்பி. அப்புறம் அப்புறம் பைய வாசல்லயே, நீ பாக்காத எடத்துல வச்சுட்டு உள்ள வந்தேன்.

என்ன கேட்ட? எத்தனை தடவைன்னா? லூசிமார் வீட்டுக்கா? தொண்ணூத்தாறு. ரெண்டு வருஷம், கார்னவல் கிறிஸ்துமஸ் லீவெல்லாம் போக. உங்க தெரு முட்டுத்தெரு, அந்தப் பச்சைக் கதவுக்குப் போக வேற வழி கிடையாது. தொண்ணூத்தாறு தடவையும் உங்க வாசலத் தாண்டித்தான் போனேன்.